தோள்மூட்டு கழன்றால் எக்ஸ்ரே எடுக்காமல் கையை இழுக்க விடாதீர்கள்

பாபநாசம் பக்கத்தில் பொங்கல் கபடி. பிடியில் சிக்கிய என் தம்பிக்கு வலது தோள்மூட்டு கழன்றுவிட்டது. வயது 19. அருகில் இருந்த தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம்.

எக்ஸ்ரே எடுக்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அக்குளில் காலை ஊன்றிக் கையைப் பிடித்து இழுத்தார். தம்பி போட்ட அலறலில் வாசலில் நின்ற ஆட்டோக்காரர் உள்ளே ஓடி வந்தார். மூட்டு உள்ளே போய்விட்டது, மறுக்கவில்லை. ஆனால் எலும்பும் முறிந்திருந்தால் அந்த இழுப்பில் முறிவு பெரிதாகியிருக்கலாம். தோளின் வெளிப்பக்கம் மரத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது நரம்பு அடிபட்டதைக் கண்டுபிடிக்கும் சோதனை. ஒரு பைசா செலவில்லாத அதையும் செய்யவில்லை.

"ஆறு வாரம் கட்டோடு இருங்கள் தம்பி, ஆயுசுக்கும் கழலாது" என்றார் டாக்டர். பயிற்சி பற்றிப் பேச்சே இல்லை. கட்டைப் பிரித்த சில வாரங்களில், மன்னார்குடி பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்திருந்தவனுக்கு ஒரே பிரேக்கில் மறுபடி கழன்றது.

பிறகு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் விவரம் தெரிந்தது. மூட்டுக் கிண்ணத்தின் முன்விளிம்பில் இருக்கும் குருத்தெலும்பு வளையம் கிழிந்திருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டியது. பேங்கார்ட் கிழிசல் என்கிறார்கள். இருபது வயதுக்குள் முதல்முறை கழன்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மறுபடியும் கழல்கிறதாம். வாரக்கணக்கில் கட்டிவைப்பது அதைத் தடுப்பதில்லை. கொஞ்ச நாள் கையைக் கழுத்தில் மாட்டும் தூளியில் (ஸ்லிங்) வைத்திருந்து, வலி குறைந்ததும் பிசியோதெரபி தொடங்க வேண்டும். கபடி மாதிரி மோதும் ஆட்டம் ஆடுகிறவர்களிடம், நுண்துளை அறுவை சிகிச்சை தேவையா என்பதை முதல் முறையிலேயே பேசிவிட வேண்டும். இதையெல்லாம் கேட்டு முடிவெடுக்கும் உரிமையைத்தான் அந்த "ஆயுசுக்கும் கழலாது" பறித்தது.

வேடிக்கை இனிமேல்தான். பழைய எக்ஸ்ரே எங்கே என்று தஞ்சாவூரில் கேட்டார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால் 'எக்ஸ்ரே – 2' என்று இருக்கிறது! திரும்பப் போய்ப் படத்தைக் கேட்டேன். கவுன்டரில் இருந்த அம்மா கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அன்றைக்கு மெஷின் ரிப்பேர் சார்" என்றார். ரிப்பேரான மெஷினுக்கு இரண்டு படத்துக்கான கட்டணம்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும். எழுத்தில் கேட்டேன். எக்ஸ்ரே பணம் மட்டும் உறையில் வந்தது. ஆவணம் இன்னும் வரவில்லை.