என்டர் பின்லாந்து: குடியிருப்பு அனுமதிக்கு நானே விண்ணப்பித்தபோது

முதுகலைப் படிப்புக்காகத் தாம்பெரே நகருக்குக் கிளம்பும் முன், பின்லாந்துக் குடிவரவுத் துறையின் என்டர் பின்லாந்து இணையச் சேவை வழியாகக் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தேன். மதுரையில் நான் அணுகிய ஓர் ஆலோசனை நிறுவனம் படிவத்தை நிரப்பித் தருவதற்கு மட்டும் 35,000 ரூபாய் கேட்டது. அதை நானே இரண்டு மாலைப் பொழுதுகளில் முடித்துவிட்டேன் என்பதால், இச்சேவையை நம்பிப் பயன்படுத்தலாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

படிவம் தெளிவான ஆங்கிலத்தில் இருக்கிறது; பாதியில் நிறுத்திச் சேமித்துவிட்டுப் பிறகு தொடரலாம். எந்தச் சான்றிதழ் எதற்காகத் தேவை என்பதும் விளக்கப்பட்டிருக்கிறது. காகிதப் படிவத்தைவிட இணைய வழியில் கட்டணமும் குறைவு. ஆனால் அனுமதி மறுக்கப்பட்டால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. ஆகவே அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம்.

நம் குடும்பங்கள் பெரும்பாலும் இடறும் இடம் பணம்தான். 2024 நவம்பர் முதல் மாதத்துக்கு 800 யூரோ, அதாவது முதல் ஆண்டுக்கு 9,600 யூரோ வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டும். கல்விக் கட்டணம் இதில் சேராது. அப்பா தம் பெயரில் இருந்த வைப்புநிதி ரசீதையும், மகனின் செலவை ஏற்கிறேன் என்று முத்திரைத்தாளில் எழுதிய உறுதிமொழியையும் உறையில் போட்டு என் கையில் கொடுத்திருந்தார். தனிநபரின் பொறுப்பேற்பு போதாது, பணம் மாணவரின் கையாளுகையிலேயே இருக்க வேண்டும் என்ற விதியைப் படித்த பிறகு அந்த உறையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் இருவரும் வங்கிக்குப் போய், வைப்பை முறித்து என் சேமிப்புக் கணக்குக்கு மாற்றினோம். திடீரென்று இவ்வளவு பணம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு இடம் வைக்காமல், வைப்பை முடித்த சான்றையும் ஒரு பக்க விளக்கக் கடிதத்தையும் கணக்கு அறிக்கையோடு சேர்த்து இணைத்தேன். இதைச் சேர்க்கை கிடைத்த வாரத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.

மருத்துவக் காப்பீட்டில் படிப்பின் காலம் முக்கியம். இரண்டு ஆண்டுக்குக் குறைந்த படிப்பு என்றால் 1,20,000 யூரோ வரையிலும், இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 40,000 யூரோ வரையிலும் சிகிச்சைச் செலவை ஏற்கும் காப்பீடு தேவை. எனக்கு முதலில் விற்கப்பட்டது வெறும் பயணக் காப்பீடு. தொகை டாலரில் இருந்தது, தொடங்கும் தேதியே இல்லை. அதைத் திருத்தி வாங்குவதற்குள் ஒன்பது நாள் ஓடிவிட்டது. புகைப்படமும் அப்படித்தான்: அவர்கள் கேட்பது 36க்கு 47 மில்லிமீட்டர். ஸ்டூடியோக்காரர் பழக்கத்தில் 35க்கு 45 என்று வெட்டிக் கொடுத்தார். அளவுகோலை வைத்துக் காட்டிய பிறகுதான் மாற்றித் தந்தார்.

படிவத்தை அனுப்பியதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. மூன்று மாதத்துக்குள் தூதரகத்துக்கோ அதன் சார்பில் இயங்கும் விண்ணப்ப மையத்துக்கோ அசல் சான்றிதழ்களுடன் நேரில் சென்று, அடையாளத்தை உறுதிசெய்து கைரேகை பதிய வேண்டும். அதுவரை விண்ணப்பம் பரிசீலனைக்கே எடுக்கப்படாது. மே, ஜூன் மாதங்களில் முன்பதிவு கிடைப்பது கடினம் என்பதால் படிவத்தை அனுப்பிய அன்றே தேதியைப் பிடித்துவிடுங்கள்.

2022 ஏப்ரல் 15 முதல் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரே அனுமதி தரப்படுகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கவலை இல்லை. வாரத்துக்குச் சராசரியாக 30 மணி நேரம் வேலை செய்யவும் அது இடம் தருகிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு விண்ணப்ப வகையே வேறு என்பதால் தொடக்கத்திலேயே சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாணவர், ஆராய்ச்சியாளர் இரு சாராருமே கூடவே டி விசா எனப்படும் நீண்டகால விசாவுக்கும் விண்ணப்பித்தால், அனுமதி கிடைத்தபின் குடியிருப்பு அனுமதி அட்டைக்காகக் காத்திராமல் கடவுச்சீட்டில் ஒட்டப்படும் விசாவோடு புறப்படலாம். நான் அதையும் சேர்த்தே கேட்டிருந்தேன். வகுப்பு தொடங்குவதற்கு நான்கு நாள் முன்பே தாம்பெரே போய்ச் சேர்ந்தேன்.