பெங்களூரு அல்சூர் வீட்டுச் சுவரில் வெர்டிகல் கார்டன்: ஒரு வெயில்காலம் தாண்டிய பிறகு

1972-இல் வந்த 'சைலன்ட் ரன்னிங்' என்ற படத்தில், பூமியில் காடே இல்லாமல் போன காலத்தில், மிஞ்சிய மரம் செடிகளைக் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் வைத்து விண்கலத்தில், சனிக்கோள் பக்கத்தில் காப்பாற்றி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்த இரவே எங்கள் மேற்குச் சுவரில் செடி வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இருபதுக்கு முப்பது அடி சைட், சுற்றிலும் சிமென்ட், மண் என்று ஒரு பிடி கிடையாது. மாடியில் அத்தையின் அறைச் சுவர் மட்டும் பத்தடிக்கு எட்டடி வெறுமையாக நின்றது; மதியத்துக்கு மேல் கை வைக்க முடியாது, ராத்திரி பத்து மணி வரை அறைக்குள் அந்தச் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும்.

மூன்று இடத்தில் விலை கேட்டேன். இந்தத் தோட்டத்தைப் போட்டுக் கொடுத்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், காலையில் ஒருமுறை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒருமுறை வந்து வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள். ஃபெல்ட் துணிதான் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். பாரிஸில் கே பிரான்லி அருங்காட்சியகச் சுவரைச் செய்த பேட்ரிக் பிளாங்க் அப்படித்தான் மண்ணே இல்லாமல் துணியில் வேர்விட வைக்கிறார், படங்களில் அவ்வளவு அழகு. "ஏப்ரல்ல ஒரு நாள் மோட்டார் நின்னா துணி காஞ்சிடும் அக்கா, எல்லாம் போயிடும்" என்று தடுத்தார் தர்மபுரிக்காரரான தோட்டக்காரத் தம்பி. அவர் பேச்சைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. சுவருக்கும் ஃபிரேமுக்கும் இரண்டு அங்குல இடைவெளி விட்டு பிளாஸ்டிக் பேனல், உள்ளே கோகோபீட் என்ற தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும், டைமரோடு சொட்டு நீர்க் குழாய். மொத்தம் 52,000 ரூபாய். வெயில் தாங்கும் டேபிள் ரோஸும் ரோயோவும் மேலே, ஓமவல்லி நடுவில், சிங்கோனியம் கீழே.

ஜூனில் போட்டது, மழைக்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. பிப்ரவரி கடைசியில் மேல் இரண்டு வரிசையும் வாட ஆரம்பித்தது. டைமர் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, கீழே ட்ரேயில் தண்ணீர் சொட்டுகிறது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் படத்திலும் காடு திடீரென்று வாடும், ஏன் என்று தெரியாமல் தாவரவியல் தெரிந்த அந்த மனிதனே தவிப்பான், கடைசியில் பார்த்தால் சூரியனை விட்டு வெகுதூரம் போய்விட்டதால் வெளிச்சம் போதவில்லை. எங்கள் வீட்டில் காரணம் போர்வெல் தண்ணீர். அதில் இருக்கும் உப்பு படிந்து மேல் வரிசைத் துளைகள் எல்லாம் அடைத்துவிட்டன. இதைக் கண்டுபிடிக்க அந்தத் தம்பிக்கு இரண்டு நிமிடம்தான் ஆயிற்று, ஆனால் அவரை அனுப்பி வைக்க அலுவலகத்துக்குப் பதினோரு நாள் ஆயிற்று. முப்பதுக்கும் மேல் செடிகள் போய்விட்டன. இதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. பாதிச் செடிகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள், ஃபில்டரும் போட்டார்கள், ஆனால் இந்தத் தண்ணீருக்கு ஃபில்டர் முதல் நாளே போட்டிருக்க வேண்டியது.

காவிரித் தண்ணீரை விடலாமே என்று கேட்காதீர்கள். நூறு கிலோமீட்டர் தாண்டி மேலே ஏற்றிக் கொண்டுவரும் தண்ணீர் அது. 2024 மார்ச்சில் ஊரே டேங்கர் பின்னால் ஓடியபோது, தோட்டத்துக்குக் குடிநீர் விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். இந்தச் சுவர் ஒரு நாளைக்கு நாற்பது லிட்டர் வரை குடிக்கிறது. இப்போது மொட்டைமாடி மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து போர்வெல் தண்ணீரோடு கலந்து விடுகிறோம்.

இன்னொன்று, டைமரை நம்பி இருந்தது என் தப்பும்தான். படத்தின் கடைசியில் ஒரு குட்டி ரோபோ பூவாளியோடு தனியாகக் காட்டைப் பார்த்துக்கொள்ளும், அதிலேயே நான் மயங்கிவிட்டேன். ஆனால் அந்த ரோபோவுக்குச் செடி நடக் கற்றுக்கொடுத்ததே அந்த மனிதன்தான். "மேல் வரிசைல விரல விட்டுப் பாருங்க அக்கா, ஈரம் இருக்கான்னு" என்று தம்பி சொன்னதிலிருந்து காலையில் காபியோடு அதைத்தான் செய்கிறேன். கீழ் ட்ரேயையும் காலி செய்துவிட வேண்டும், இல்லையென்றால் கொசு.

சரி, பலன்? இந்த ஏப்ரலில் அத்தை சாயங்காலம் ஹாலுக்கு வந்து படுக்கவில்லை, தன் அறையிலேயே இருந்தார். தேன்சிட்டு வருகிறது. பையனுக்குச் சளி என்றால் ஓமவல்லி கைக்கெட்டும் தூரத்தில்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், அந்த ஒரு மதிப்பெண் பதினோரு நாளுக்காக. நீங்கள் போடுவதானால் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எத்தனை நாளுக்குள் ஆள் வருவார் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் இந்த முறை மூன்று நாள் என்று எழுதி வாங்கித்தான் புதுப்பித்தேன். தெருப்பக்கச் சுவருக்கும் அளவு எடுத்துப் போயிருக்கிறார்கள், அங்கே நிழல் அதிகம், வெற்றிலைக் கொடி கேட்டிருக்கிறேன்.