ஊசியா, மெயின் ஜெட்டா?

யமஹா ஒய்இசட்250 டர்ட் பைக்கில் இழுவை சரியில்லை என்றால் பலரும் முதலில் மெயின் ஜெட்டைத்தான், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள திருகைத்தான், கழற்றுகிறார்கள். அதன் ஆட்சி முக்கால் திராட்டிலுக்கு மேல்தான். மரங்களுக்கிடையே வளைந்து ஓட்டுபவர் அங்கே போவதே அபூர்வம். கால் முதல் முக்கால் திராட்டில் வரை, கார்புரேட்டருக்குள் திராட்டிலோடு ஏறி இறங்கும் ஊசியின் ராஜ்யம். ஊசியின் மேல்பகுதிப் பள்ளங்களில் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாட்டினால் ஊசி இறங்கும், பெட்ரோல் குறையும். கீழே மாட்டினால் கூடும். நடுவேகத்தில் திக்கினால் நான் தொடுவது ஊசியைத்தான். காசும் செலவில்லை.

நீண்ட மணல்வெளியில் முழுத் திராட்டிலில் பறப்பவருக்கோ மெயின் ஜெட்தான் முக்கியம். ஜெட்டின் எண் கூடினால் துளை பெரிது. இங்கே மட்டும் கஞ்சத்தனம் கூடாது: இது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோலில் கலந்துதான் ஆயிலும் வருகிறது, குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். முழு வேகத்தில் கிளட்சை அழுத்தி எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பாருங்கள். காப்பிப் பழுப்பு நல்லது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பெரிய ஜெட் போடாமல் வண்டியை எடுக்காதீர்கள்.