செம்பருத்தியில் ஓடிய மாவுப்பூச்சி: 10 மடங்கு லென்ஸோடு எட்டு மாதம்

மாவுப்பூச்சி ஓடாது. செடியில் ஒட்டிச் சாறு உறிஞ்சுகிற பூச்சி அது. நகர்ந்தாலும், நகர்கிறதா இல்லையா என்று நின்று பார்த்தால்தான் தெரியும். ஆனால் போன ஆடியில் ஒரு காலை, செம்பருத்திக் கிளையைத் துடைக்கப் போன என் விரலுக்கு அடியிலிருந்து பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒன்று விறுவிறுவென்று ஓடியது. அதற்கு முன் இரண்டு வாரமாக, தினமும் காலையில் பழைய துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, கிளையில் வெள்ளையாகத் தெரிந்ததை எல்லாம் நசுக்கிக்கொண்டிருந்தேன். அதிலும் பெரிதாக இருந்தவற்றை, தாய்ப்பூச்சி என்று நினைத்து, முதலில் தேடிப் பிடித்து நசுக்கினேன்.

எங்கள் வீதியில் வேளாண்மை படிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அக்கா, இது மாவுப்பூச்சி இல்லீங்க. மாவுப்பூச்சியைத் தின்ற பொறிவண்டோட புழுங்க. கிரிப்டோலேமஸ்னு பேரு. ஒரு லென்ஸ் வாங்கி வெச்சுக்குங்க, வெறுங்கண்ணுல ரெண்டும் ஒன்னாட்டத்தான் இருக்கும்" என்றான். எத்தனை புழுவைக் கொன்றிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே மனசு வரவில்லை. அன்றைக்கே லென்ஸ் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

நான் சோமனூரில் 23 வருடமாகத் துணி செக்கிங் வேலை பார்க்கிறவள். இழை விட்டிருக்கிறதா, முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்த்தே பழகின கண். வீட்டில் பிக் கிளாஸும் உண்டு. ஓர் அங்குலச் சதுரத்துக்குள் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணுகிற, மடக்குக் கால் வைத்த லென்ஸ் அது. முதலில் அதைத்தான் செடியில் வைத்துப் பார்த்தேன். மேசையில் விரித்த துணிக்கு அருமையான சாமான்தான், ஆனால் இலைக்கு ஆகாது. கால் இலையை அழுத்தியதும் பூச்சி அடுத்த பக்கம் போய்விடும்.

அப்புறம் ஆன்லைனில் "30 மடங்கு, விளக்கோடு" என்று போட்டிருந்த ஒன்றை 180 ரூபாய்க்கு வாங்கினேன். பணம் வீண். நடுவில் ஒரு மிளகு அளவுக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது, ஓரமெல்லாம் வானவில் மாதிரி நிறம் பிரிந்து கலங்கியது. விளக்கைப் போட்டால் வண்டின் முதுகு பளிச்சென்று மின்னிப் புள்ளியே தெரியாமல் போனது. அதை டப்பாவில் போட்டுவிட்டேன்.

இப்போது நான் வைத்திருப்பது கோயம்புத்தூர் பெரிய கடைவீதிப் பக்கம், நகை ஆசாரிகளுக்குச் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடையில் வாங்கியது. 10 மடங்கு, மூன்று கண்ணாடி ஒட்டிய வகை, 21 மில்லிமீட்டர் அகலம், உள்ளே மடங்குகிற எஃகு உறை. விலை 450 ரூபாய். கடைக்காரப் பெரியவர் என்ன ஏது என்று விசாரித்துவிட்டு, "அம்மிணி, நம்பர் பெருசா இருந்தா நல்லதுன்னு நெனைக்காதீங்க. பூச்சி பாக்கறதுக்குப் பத்து போதும்" என்றார். நாலைந்து லென்ஸை எடுத்துக் கொடுத்து, என் உள்ளங்கை ரேகையை ஒவ்வொன்றிலும் பார்க்கச் சொன்னார். ஓரம் வரை ரேகை வளையாமல் தெரிந்ததை எடுத்துக்கொண்டேன்.

இதைப் பிடிக்கிற விதம் தெரியாமல் முதல் வாரம் சிரமப்பட்டேன். லென்ஸை இலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எட்ட நின்று பார்க்கக் கூடாது. கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இலையை முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். 10 மடங்கு லென்ஸுக்கு இலை ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் வந்தால்தான் தெளிவு கிடைக்கும். கண்ணாடி போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றாமல் அதன் மேலேயே லென்ஸை ஒட்டிக்கொள்ளலாம். இன்னொரு கண்ணை மூட வேண்டாம், மூடினால் சீக்கிரம் வலிக்கும். காலை ஏழு மணிக்குள் பார்த்துவிடுவது நல்லது. வெயில் ஏறுவதற்கு முன் பூச்சிகள் மந்தமாக இருக்கும், வெளிச்சமும் பக்கவாட்டில் விழும்.

சரி, அந்த வெள்ளைப் புழுவுக்கு வருகிறேன். லென்ஸில் மாவுப்பூச்சியைப் பார்த்தால், மைதா தூவிய சின்ன முட்டை வடிவம், உடம்பு ஓரத்தில் குட்டை குட்டையாக வெள்ளை இழை. வாயைத் தண்டுக்குள் சொருகிச் சாறு உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். குச்சியால் தொட்டால் கூடச் சட்டென்று விலகாது. பொறிவண்டுப் புழு அப்படியில்லை. வளர்ந்த புழு மாவுப்பூச்சியைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்கும். மேலிருக்கிற மெழுகு இழைகள் நீளமும் குட்டையுமாக, சீவாத பஞ்சு மாதிரிக் கலைந்து கிடக்கும். நடக்கும்போது பக்கவாட்டில் கால்கள் வெளியே நீள்வது நன்றாகத் தெரிகிறது. ஒரு நாள் அது ஒரு மாவுப்பூச்சியைக் கவ்விப் பிடித்துத் தின்பதை லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன், அடுப்பில் பால் பொங்கிவிட்டது. வளர்ந்து வண்டானால் அந்த வெள்ளை எதுவும் இருக்காது. கருத்த முதுகு, தலையும் பின்புற நுனியும் ஆரஞ்சு கலந்த பழுப்பு, அவ்வளவுதான். இது ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த வண்டு. 1898ல், காபிச் செடியைத் தாக்கிய பச்சைச் செதில் பூச்சிக்காக நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்களாம். என் செம்பருத்திக்கு அதை யாரும் கொண்டுவந்து விடவில்லை, தானாகவே வந்திருக்கிறது.

இங்கே வெள்ளையாக எதைக் கண்டாலும் பயப்படுகிறோம் என்றால் அதற்குக் காரணம் உண்டு. 2008ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலில் தெரிந்து, அடுத்த இரண்டு வருடத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது. எங்கள் வாசல் பப்பாளியை வெட்டி எரித்தோம். 2010ல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் என்கிற குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி அது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே தின்று வளர்ந்து வெளியே வரும். அந்தக் குளவியை இந்த லென்ஸால் அடையாளம் பிடிக்க முடியாது. ஆனால் குளவி தின்று முடித்த கூடு தெரியும். தட்டைப்பயறில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சுகிற கறுப்பு அசுவினிக்கு நடுவே, உப்பிப்போய் வைக்கோல் நிறத்தில் சில அசுவினிகள் அசையாமல் ஒட்டியிருக்குமே, அதுவும் வேறொரு குளவியின் வேலைதான். லென்ஸை வைத்தால் முதுகில் ஊசியால் வெட்டி எடுத்த மாதிரி வட்டமாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டேன் என்றால் அந்தச் செடிக்கு வேப்பெண்ணெய் அடிப்பதில்லை.

கத்திரியில்தான் லென்ஸ் முழுக் காசுக்கும் உழைத்தது. எபிலாக்னா வண்டும் பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் இலை தின்னி. இறக்கையில் இருபத்தெட்டுப் புள்ளி வரை இருக்கும் என்பார்கள், ஓடுகிற வண்டில் யார் எண்ணுவது? லென்ஸில் பார்த்தால் எண்ணவே வேண்டாம். எபிலாக்னாவின் முதுகு முழுக்கப் பொடி மயிர், வெல்வெட் துணி மாதிரி மங்கலாக இருக்கும். அசுவினி தின்னும் பொறிவண்டின் முதுகு சாட்டின் மாதிரி வழவழவென்று ஒளி திருப்பும். புழுக்களும் அப்படியே. எபிலாக்னாப் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளை விட்ட முள்ளோடு, சுரண்டிச் சல்லடையான இலையில் உட்கார்ந்திருக்கும். பொறிவண்டுப் புழு கறுத்து நீண்டு, ஆரஞ்சுத் திட்டுகளோடு குட்டி முதலை மாதிரி அசுவினிக் கூட்டத்தில் அலையும். இதைப் பார்த்து மருந்தடித்தவர்கள் எங்கள் வீதியிலேயே நிறைய.

கறிவேப்பிலை இலையடியில் மயிரிழைக் காம்பின் மேல் ஒரு வெள்ளைப் பொட்டு வரிசையாக நின்றால் அது பூஞ்சணம் இல்லை. அசுவினி தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. அதையும் நான் முன்பு துடைத்து எறிந்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மடக்குகிற இடத்துத் திருகு மூன்றாவது மாதமே தளர்ந்தது. தையல் மெஷின் திருப்புளியால் முறுக்கிக்கொண்டேன், அதன்பின் தொந்தரவில்லை. கயிறு கோக்க ஓட்டை இருக்கிறது, கயிறு தரமாட்டார்கள். கழுத்தில் கட்டித் தொங்கவிடாவிட்டால் செடிக்குள் விழுந்து தேட வேண்டியதுதான். வேப்பெண்ணெய்க் கையோடு தொட்டால் கண்ணாடியில் படிகிற மங்கல், சோப்புத் தண்ணீரில் நனைத்த பருத்தித் துணி இல்லாமல் போகாது. ரோஜாவில் வருகிற செஞ்சிலந்திப் பேன் இதில் ஓடுகிற புள்ளியாகத்தான் தெரியும். அதைத் தின்னும் நல்ல பேனையும் அதையும் இதில் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ரோஜா வளர்ப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்து வாங்குங்கள். இந்த 450 ரூபாயை நான் மருந்துச் செலவில் வைத்துப் பார்க்கிறேன். எட்டு மாதத்தில் மூன்றே முறைதான் அடித்திருக்கிறேன், அதுவும் எபிலாக்னா இருந்த கத்திரிக்கு மட்டும்.

லென்ஸ் கைவிடுகிற இடம் முட்டை. எபிலாக்னாவும் சரி, அசுவினி தின்னும் பொறிவண்டும் சரி, மஞ்சளாக நெல்மணி நிறுத்திய மாதிரி கொத்தாகத்தான் இலையடியில் முட்டை வைக்கின்றன. எனக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் அசுவினி இருந்தால் பொறிவண்டாக இருக்கலாம் என்று ஊகிப்பதோடு சரி. அதனால் செக்கிங்கில் பழுது இருக்கிற இடத்தில் கரையில் நூல் கட்டி வைப்போமே, அதையே இங்கேயும் செய்கிறேன். நேற்று மூன்றாவது கத்திரிச் செடியில் ஒரு கொத்து பார்த்தேன். அந்தக் கிளையில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். நாலைந்து நாளில் பொரித்துவிடும், முள் இருக்கிறதா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.