பழைய செயின்சா: கழுவி மாட்டுவதா, கிட் போடுவதா, புது கார்புரேட்டரா?

தேவகோட்டை பக்கம் மாமாவின் தோப்பில் இருந்த செயின்சா கடைசியாக ஓடியது கஜா புயலுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 அன்று புயல் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு வாரம் பாதையில் சாய்ந்து கிடந்த மரங்களை அறுத்துத் தள்ளியது அந்த மெஷின்தான். வேலை முடிந்ததும் டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலோடு பம்புசெட் அறையில் வைத்துவிட்டார்கள். போன மாசியில் நான் மூடியைத் திறந்தபோது பெட்ரோல் வாசனையே இல்லை. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் தேக்குக் கதவுக்கு வார்னிஷ் அடிக்கும் நாளில் ஒரு வாடை வருமே, அதுதான் வந்தது.

"நோண்டாத மாப்ள, ஆன்லைன்ல புதுக் கார்புரேட்டர் சல்லிசா கிடைக்குது, வாங்கி மாட்டிட்டுப் போ" என்றார் மச்சான். காரைக்குடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் நேர்மாறாகச் சொன்னார்: "பழசைத் தூக்கிப் போட்றாத தம்பி, கிட்டு போட்டா ஓடும்." கிட் என்றால் பழைய கார்புரேட்டருக்குள் மாற்றும் உதிரி சாமான்களின் பாக்கெட். பழையதைக் கழுவி மாட்டுவது, கிட் போடுவது, புதுசு வாங்கி மாட்டுவது என்று நான் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். பிறகு இன்னும் இரண்டு பழைய மெஷின்களிலும் அதே வேலை பார்த்தேன்.

கார்புரேட்டருக்கு முன்னால்

மூன்று வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றுவது தப்பு. பலமுறை கோளாறு அங்கே இருக்காது.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஆயிலோடு புதிதாகக் கலந்த பெட்ரோலில் அரை டீஸ்பூன் அளவு கார்புரேட்டர் வாயில் விட்டு இழுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடி உறுமிவிட்டு நின்றால் பிளக்கும் கம்ப்ரஷனும் சரி, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் ஸ்பார்க்கைப் பாருங்கள், கார்புரேட்டரை விட்டுவிடுங்கள். சோக் போட்டுப் பத்து முறை இழுத்த பிறகும் பிளக் காய்ந்தே இருந்தால் அதுவும் பெட்ரோல் வராததன் அடையாளம்தான்.

அடுத்தது டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் டியூப். மாமாவின் மெஷினில் அது ஊறிய சேமியா மாதிரி கொழகொழத்து, கம்பியால் இழுத்ததும் கையோடு அறுந்து வந்தது. சில மெஷின்களில் நேர் எதிராக விறைத்துப்போய், டேங்குக்குள் நுழையும் இடத்தில் மயிரிழை போல வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் பெட்ரோல் சொட்டாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அதனால் பார்த்தால் தெரியாது. வளைத்துப் பார்க்க வேண்டும். டியூபின் நுனியில் தொங்கும் ஃபில்டரையும் கூடவே மாற்றிவிடுங்கள்.

டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருந்தால் அறிகுறி வேறு. மெஷின் நன்றாகவே ஓடி, ஐந்து பத்து நிமிடத்தில் மூச்சுமுட்டி நிற்கும். மூடியைத் தளர்த்தினால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும், அப்புறம் உடனே ஸ்டார்ட் ஆகும். இதற்குக் கார்புரேட்டர் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

டிவிஎஸ் 50 அனுபவம் இங்கே முழுசாக உதவாது

நம் ஊர் மெக்கானிக்குகள் கை வைத்துப் பழகியது டிவிஎஸ் 50, ஆர்எக்ஸ் 100 வண்டிகளின் கார்புரேட்டரில். அதில் கிண்ணமும் மிதவையும் உண்டு. செயின்சாவைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் பிடிப்பதால் அதில் மிதவை வேலைக்கு ஆகாது. பதிலாக இரண்டு டயாப்ரம், அதாவது மெல்லிய சவ்வுகள், இருக்கும். ஒன்று கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பை வாங்கி பெட்ரோலை இழுக்கும் பம்ப். இன்னொன்று எவ்வளவு பெட்ரோல் உள்ளே வரலாம் என்று ஒரு சின்ன நெம்புகோல் வழியாக நீடிலை (பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி) திறந்து மூடும் காவல்காரன். பாதிக்குமேல் கோளாறு இந்த இரண்டு டயாப்ரத்திலும் நீடிலிலும்தான்.

கழுவி மாட்டுவது

செலவு கிட்டத்தட்ட இல்லை. மூடிகளைக் கழற்றி, ரப்பர் சாமான்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கார்ப் கிளீனர் அடித்துத் துடைத்து மாட்ட வேண்டும். பெட்ரோல் உள்ளே வரும் இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு வலை இருக்கும். மாமாவின் மெஷினில் அது முழுக்கக் கருப்பட்டிப் பாகு காய்ந்தது போல மூடியிருந்தது. ஊசியால் நுனியைத் தூக்கி எடுத்துக் கழுவினேன்.

இரண்டு எச்சரிக்கை. பெட்ரோல் அளவாக வெளிவரும் ஜெட் துவாரத்தில் கம்பி விடாதீர்கள், துவாரம் பெரிதாகிவிட்டால் திரும்பச் சரிசெய்ய முடியாது. பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் அடிக்காதீர்கள், நடு நாசிலில் உள்ள சின்ன வால்வு பிய்ந்துவிடும்.

சில மாதம் சும்மா கிடந்த மெஷினுக்கு இது போதும். ஏழெட்டு வருஷம் கிடந்ததற்குப் போதாது. கழுவி மாட்டியதும் எங்கள் மெஷின் ஸ்டார்ட் ஆனது, ஆனால் பாதி சோக்கில் மட்டும் ஓடியது. ஆக்ஸிலரேட்டர் அழுத்தினால் அமுங்கி நின்றது. மறுபடி திறந்து டயாப்ரத்தை விரல் நுனியால் அழுத்தியபோதுதான் காரணம் புரிந்தது. நல்ல டயாப்ரம் செம்பருத்தி இதழ் மாதிரி சத்தமில்லாமல் மடங்கும். இது காய்ந்த அப்பளம் மாதிரி 'படக்' என்றது. விறைத்த டயாப்ரத்தால் நீடிலைத் தேவையான அளவு திறக்க முடியாது. எத்தனை தரம் கழுவினாலும் அது இளகாது.

கிட் போடுவது

டயாப்ரம், கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் மெல்லிய தகடு), நீடில், நெம்புகோல், ஸ்பிரிங், வலை எல்லாம் ஒரே பாக்கெட்டில் வரும். சில நூறு ரூபாய். முக்கியமானது கார்புரேட்டரின் மேல் பொறித்திருக்கும் எண். வால்ப்ரோ, ஜாமா, டில்லாட்சன் என்று எந்த கம்பெனியின் கார்புரேட்டராக இருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கிட் வாங்க வேண்டும். மெஷின் பெயரைச் சொல்லிக் கேட்டால் தப்பான கிட் வர வாய்ப்பு அதிகம்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது அடுக்கும் வரிசை. பெரும்பாலான கார்புரேட்டர்களில், நெம்புகோல் இருக்கும் பக்கம் முதலில் கேஸ்கெட், அதன் மேல் டயாப்ரம். பம்ப் பக்கம் முதலில் டயாப்ரம், அதன் மேல் கேஸ்கெட். மாறிவிட்டால் ஓடாது. கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நெம்புகோலின் உயரம். அதிகமானால் பெட்ரோல் வழியும், குறைந்தால் பட்டினி. பழையதைக் கழற்றுமுன் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து அதன் உயரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிட் போட்டதும் நான் செய்யும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் ரப்பர் பந்தையும் மீட்டரையும் பெட்ரோல் டியூபில் மாட்டி 200 வரை அழுத்துவேன். முள் அப்படியே நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் நீடில் உட்காரும் இடத்தில் தூசியோ டியூபில் வெடிப்போ இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் எது என்று குமிழி காட்டிக்கொடுக்கும். ஆச்சி பிரஷர் பார்த்த அந்தப் பழைய மீட்டர் என்னிடம் இருக்கும் எல்லாக் கருவிகளையும்விட அதிகமாக உழைக்கிறது.

புது டூப்ளிகேட் கார்புரேட்டர்

மச்சான் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கிட்டைவிட இரண்டு மூன்று மடங்கு விலை என்றாலும் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். நான் வாங்கிய ஒன்று, மாட்டிய மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் சீமைக்கருவேலம் கட்டையில் இறக்கியதும் சத்தம் கீச்சென்று மேலே ஏறியது, வெட்டு ஏறவில்லை. பெட்ரோல் குறைந்து காற்று கூடிய சத்தம் அது. முழு வேகத்தில் போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் எச் ஸ்க்ரூவைத் திறந்து சரிசெய்யலாம் என்று பார்த்தால் அந்த இடத்தில் ஸ்க்ரூவே இல்லை, ஜெட் நிலையாக வைக்கப்பட்டிருந்தது. உடனே நிறுத்திவிட்டேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயிலும் அந்தப் பெட்ரோலோடுதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் கீறிவிடும். பழைய மெஷினுக்கு சிலிண்டர் தேடிக் கண்டுபிடிப்பது கார்புரேட்டர் வாங்குவது போல எளிதல்ல.

இன்றைய பெட்ரோலில் இந்த விஷயம் இன்னும் பெரிதாகிறது. 2022இல் நம் பெட்ரோலில் பத்து சதவீத எத்தனால் கலந்தாயிற்று; 2023 பிப்ரவரியில் இருபது சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்து, 2025இல் நாடெங்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய அளவில் வைத்த ஸ்க்ரூவில் எரிபொருள் குறைச்சலாகவே போகும். கொஞ்சம் திறந்துவிட வேண்டும். திறக்க ஸ்க்ரூ இருந்தால்தானே முடியும்? அதனால் டூப்ளிகேட் வாங்குவதாக இருந்தால் எல் (குறைந்த வேகத்துக்கு), எச் இரண்டு ஸ்க்ரூவும் உள்ளதாகப் பாருங்கள். துடிப்பு வரும் துவாரம் பழையதோடு நேராகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

டூப்ளிகேட்தான் சரி என்று சொல்லும் இடமும் உண்டு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் திரும்பும் த்ராட்டில் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் அந்த இடைவெளியில் காற்று நுழையும், எந்தக் கிட்டும் அதைச் சரிசெய்யாது. உள்ளே தண்ணீர் தேங்கி, அலுமினியம் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் பூத்து, நீடில் உட்காரும் இடம் குழி விழுந்திருந்தாலும் அப்படியே. 2017இல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முடுக்கியபோது ஓயாமல் ஓடிய ஒரு மெஷினை பள்ளத்தூரிலிருந்து கொண்டுவந்தார்கள். தண்டு லொடலொட என்று ஆடியது. அதற்கு இரண்டு ஸ்க்ரூ உள்ள புதுக் கார்புரேட்டர்தான் போட்டேன், நன்றாக ஓடுகிறது. கம்பெனி ஒரிஜினல் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. பழைய மாடலுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

என் முடிவு

உடல் கெடாத பழைய கார்புரேட்டர் என்றால் கிட்தான். கழுவுவது குறுகிய காலம் கிடந்த மெஷினுக்கு. டூப்ளிகேட், தண்டு தேய்ந்ததற்கும் உள்ளே அரித்ததற்கும். மாமாவின் மெஷினில் இப்போது பழைய கார்புரேட்டர் புது டயாப்ரத்தோடு இருக்கிறது.

டியூனிங்கில் அவசரப்படாதீர்கள். இரண்டு ஸ்க்ரூவையும் மூடிய நிலையிலிருந்து ஒரு சுற்று திறந்து தொடங்கி, எஞ்சின் சூடானபின் எல் ஸ்க்ரூவைத் திருப்பி ஐடில் எங்கே வேகமாக ஓடுகிறதோ அங்கிருந்து சிறிது திறந்து வையுங்கள். ஐடிலில் செயின் ஓடவே கூடாது. எச் ஸ்க்ரூவைக் காதால்தான் வைக்க வேண்டும். வெறுமனே முழு வேகத்தில் ஓடும்போது சத்தம் கொஞ்சம் கரகரப்பாகத் தடுமாற வேண்டும். கட்டையில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு தெளிய வேண்டும். முழு வேகத்தில் சும்மா ஓடவிடுவது சில விநாடிகளுக்கு மேல் வேண்டாம்.

ஆயில் அளவு மெஷின் புத்தகத்தில் உள்ளபடி. ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி, இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லி. 'கூட ஊத்தினா நல்லதுதானே' என்று அளவை மாற்றினால் பெட்ரோலின் பங்கு குறைந்து டியூனிங்கும் மாறும்.

எத்தனால் எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம். கண்ணாடி அளவுக்குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் விட்டுக் குலுக்கி வையுங்கள். அடியில் பிரியும் தண்ணீர்ப் படலம் 28 மில்லிக்குப் பக்கத்தில் வந்தால் கிட்டத்தட்ட இருபது சதவீதம். தண்ணீரோடு இப்படிச் சேருகிற சரக்குதான் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மாதக்கணக்காக டேங்கில் கிடந்தால் கார்புரேட்டருக்குள் பூப்பூக்க வைக்கிறது. நான் ஒரு வாரத்துக்கு மேல் வேலை இல்லையென்றால் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை ஐடிலில் ஓடவிட்டுத்தான் வைக்கிறேன். காலியாக வைத்தால் டயாப்ரம் காயும் என்று மெக்கானிக் அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. டேங்கை நிரப்பி வைக்கச் சொல்கிறார். எத்தனால் இல்லாத காலத்தில் அவர் சொல்வது சரியாக இருந்திருக்கும். இப்போது காய்ந்த டயாப்ரத்தை மாற்ற கிட் கிடைக்கிறது, அரித்த உடலைச் சரிசெய்யத்தான் வழியில்லை.

மாமாவின் மெஷினில் இன்னும் ஒரு வேலை பாக்கி. கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழலின் ஓரத்தில் ஒரு வெடிப்பு தொடங்கியிருக்கிறது. அது வந்து சேரும்வரை சின்ன கிளைகளோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.