செங்கோட்டைச் சாரலில் ஏழு வருஷம்: எங்கள் வீட்டு கொரியன் புல்தரை

செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் வழியில் எங்கள் வீடு. முன்பக்கம் இரண்டு சென்ட், அதாவது சுமார் 870 சதுர அடி, வெறும் செம்மண் முற்றமாகக் கிடந்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்த வருஷம், 2018 ஆனியில், அவள் செருப்பில்லாமல் நடந்து பழக மெத்தென்று ஒரு தரை வேண்டும் என்றுதான் அங்கே புல் போட்டேன். அம்மாவுக்கே அதில் மனமில்லை. "ஏலே, வாசல்ல புல்ல வளத்தா பாம்புல்லா வந்து கெடக்கும்" என்றாள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றம் என்றால் தினமும் பெருக்கிச் சாணி தெளித்த மண்தரைதான். அதில் ஒரு புல் முளைத்தால்கூடப் பிடுங்கிவிட்டுத்தான் கோலம் போடுவார்கள். அவள் பயப்பட்டதில் தப்பில்லை. ஆனால் இரண்டு அங்குலத்துக்குமேல் வளரவிடாத புல்லில் எதுவும் ஒளிந்துகொள்ள இடமில்லை. இப்போது காலையில் முதல் ஆளாக இறங்கி நடப்பது அவள்தான்.

புல் வாங்கியது ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளாவில் ஒரு நர்சரியில். "மெயின்டனன்ஸே வேண்டாம், போட்டுட்டு மறந்துடலாம்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஏழு வருஷம் கூடவே இருந்து பார்த்ததில், அந்தப் பேச்சில் பாதி உண்மை. வேலை குறைவுதான். ஆனால் அந்தக் குறைந்த வேலையை எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் இந்தப் புல்லைக் கெடுத்த தருணங்களை எண்ணிப் பார்த்தால், கவனிக்காமல் விட்டதைவிட அதிகமாகக் கவனித்ததால் கெட்டதுதான் கூடுதல்.

கடைகளில் கொரியன் கிராஸ் என்று சொல்லப்படுவது சோய்சியா வகைப் புல். கார்ல் வான் சோய்ஸ் என்ற 18ஆம் நூற்றாண்டு ஆஸ்திரியத் தாவரவியலாளரின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். பெயர்தான் அந்நியம், இந்த இனத்தில் சில நம் நாட்டுக் கடற்கரை மணலில் தானாகவே வளர்பவை. கரும்பு, சோளம், கம்பு போல வெயிலை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும் கூட்டத்தைச் சேர்ந்தது. 27 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை இதற்குக் கொண்டாட்டம். வெளிநாட்டுக் காணொளிகளில் குளிர்காலத்தில் புல் பழுப்பாகித் தூங்கும் என்று சொல்வார்கள். அது வெப்பம் பதின்மூன்று டிகிரிக்குக் கீழே போகும் ஊர்களின் கதை. எங்கள் ஊரில் புல் தூங்குவது பங்குனி, சித்திரையில், தண்ணீர் இல்லாமல்தான். அதனால் அந்தக் காணொளிகளின் மாதக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் ஊருக்கு நாமே ஒரு கணக்குப் போட வேண்டும்.

பாதி இடத்தில் புல் பத்தைகளாக, அதாவது வேரும் மண்ணும் சேர்ந்த துண்டுகளாகப் பதித்தோம். மீதிப் பாதியில் பணத்தை மிச்சம் பிடிக்க, பத்தையைப் பிய்த்து நான்கு விரல் இடைவெளியில் கரணையாக நட்டோம். பத்தை போட்ட பாதி இரண்டு மாதத்தில் வேர் பிடித்துவிட்டது. கரணை நட்ட பாதி மூடி வர முழுதாக ஒன்றேகால் வருஷம் ஆனது. அத்தனை நாளும் இடைவெளிகளில் களை எடுத்த கூலியைச் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. இந்தப் புல் மெதுவாக வளரும் சாதி. பின்னாளில் அடிக்கடி வெட்ட வேண்டாத வசதியும் அதே மெத்தனத்தால்தான் வருகிறது. முடிந்தவர்கள் பத்தையாகவே போடுங்கள்.

பத்தையில் ஒட்டிவந்த மண்ணில் கோரையும் சேர்ந்து வந்தது. அதற்குத்தான் எனக்கு இன்றுவரை அந்த நர்சரிமேல் வருத்தம். முதல் சாரலிலேயே புல்லுக்கு மேலே மூன்று மடிப்பாக, மினுமினுவென்று தலை தூக்கிவிட்டது. கையால் இழுத்தால் வெள்ளை நூல் போன்ற வேர் பட்டென்று அறுந்து வந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று கிடைக்குமே, அதேதான். கறுப்பாக, வாசனையாக, ஒன்றோடொன்று சங்கிலிபோல் கோத்துக் கிடக்கும். தோட்ட வேலைக்கு வரும் அண்ணாச்சி, "கோர ஒண்ணப் புடுங்குனா ஒம்பது மொளைக்கும் தம்பி" என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய திருப்புளியை எடுத்து வந்தார். சாரலில் மண் நன்றாக நனைந்திருக்கும்போது கோரையின் பக்கத்தில் திருப்புளியை ஆழமாக இறக்கி, லேசாக நெம்பி, கிழங்கோடு தூக்குவார். இரண்டு சாரல் காலம் முழுக்க அப்படியே எடுத்தோம். மூன்றாவது வருஷத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தது. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி அடித்தால் புல்லும் சேர்ந்து செத்துவிடும் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. புளியாரை, அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. புல் நெருக்கமாக மூடிய பிறகு தானாக ஒதுங்கிவிட்டன.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் அதிகம் தப்பு செய்தேன். முதல் வருஷம் தினமும் சாயங்காலம் கால்மணி நேரம் ஹோஸ் பிடித்தேன். அண்ணாச்சி பார்த்துவிட்டு, "என்னத்துக்குத் தம்பி தெனமும் ஊத்துதீய? மேலயே தண்ணி கெடச்சா வேரு எதுக்குக் கீழ போவும்?" என்றார். சந்தேகத்தோடு ஒரு துண்டு தோண்டிப் பார்த்தேன். வேர் இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்கவே இல்லை. அன்று முதல் முறையை மாற்றினேன். மழை இல்லாத நாட்களில் வாரத்துக்கு ஒரு முறை, அதிகாலையில், ஒரு அங்குலம். ஒரு அங்குலத்தை எப்படி அளப்பது? புல்மேல் மூன்று இடத்தில் காலி பால்பவுடர் டப்பாவை வைத்துவிட்டு ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிடுங்கள். டப்பாவில் ஒரு அங்குலம் நின்றால் நிறுத்திவிடலாம். எங்கள் இரண்டு சென்டுக்கு அது கிட்டத்தட்ட இரண்டாயிரம் லிட்டர், ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு இரண்டு தொட்டி. கேட்கப் பெரிதாகத் தெரியும். தினமும் ஊற்றிய காலத்தில் அதைவிடக் கூடுதலாகவே கிணற்றிலிருந்து இறைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் தோண்டியபோது வேர் ஒரு சாண் ஆழத்தில் இருந்தது.

வாரம் ஒன்று ஆகிவிட்டதே என்று கிழமை பார்த்து ஊற்றவும் வேண்டாம். புல்லே சொல்லும். இலை இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டு ஊசிபோல் ஆகும், பச்சையில் ஒரு சாம்பல் நீலம் ஏறும். அம்மா நடந்து போன தடம் நிமிராமல் அப்படியே படிந்து கிடக்கும். அந்தத் தடத்தைப் பார்த்த மறுநாள் காலையில் தண்ணீர் விட்டால் போதும்.

மாதக் கணக்குக்கு வருகிறேன். வைகாசிக் கடைசியில், சாரலுக்கு முன்னால், வருஷத்தின் பெரிய வேலை. மக்கிய சாணி எருவையும் மணலையும் சலித்துக் கலந்து கால் அங்குலத்துக்குத் தூவி, துடைப்பத்தால் புல்லுக்குள் இறக்கிவிடுவோம். ஒரு கோடை மழை பெய்ததும் முக்கால் கிலோ யூரியா. புரட்டாசிக் கடைசியில் இன்னொரு முக்கால் கிலோ. வருஷத்துக்கு அவ்வளவுதான் உரம். முதல் வருஷம் மார்கழியில், பனி ஈரம் காயாத இலைமேல் காலையில் யூரியாவைக் கையால் வீசிவிட்டேன். மூன்று நாளில், கை வீசிய வளைவு அப்படியே பழுப்பு நிறத்தில் புல்மேல் தெரிந்தது. இலை காய்ந்திருக்கும்போது போட்டு, உடனே தண்ணீர் விட்டுக் கரைத்து இறக்க வேண்டும்.

ஆனி, ஆடியில் சாரல் பிடித்துக்கொண்டால் புல்லுக்கு ஹோஸே வேண்டாம். குற்றாலத்தில் அருவி விழும் நாட்களில் எங்கள் வாசலும் நனைந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் சாரல் ஒரு வாரம் நின்றுபோனால் ஏமாந்துவிடக் கூடாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று நிற்பதில்லை. வானம் மூடி, வெயிலே இல்லாமல், ஜில்லென்று இருக்கும். அதனால் புல் காய்கிறது என்றே தோன்றாது. நாலாம் நாள் பார்த்தால் மேற்கு ஓரம் முழுக்க இலை ஊசியாகச் சுருண்டிருக்கும். சித்திரை வெயிலைவிட ஆடிக் காற்று ஈரத்தை வேகமாக உறிஞ்சுகிறது என்பது இந்த மலையடிவாரத்தில் இருந்து நான் கண்டுகொண்டது. இந்த ஒன்றை எனக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் மேற்கு ஓரத்தில் இரண்டு முறை பத்தை மாற்றியிருக்க வேண்டாம்.

மூன்றாவது சாரலில் ஒரு நாள் வெள்ளை வேட்டியோடு புல்லில் நடந்து வந்தேன். கரை முழுக்கச் செங்காவிப் பொடி. முதலில் செம்மண் என்று நினைத்தேன். குனிந்து ஒரு இலையை விரலால் உருவினால், விரலில் மஞ்சள்தூள் போல ஒட்டியது. துருநோய். வெயில் குறைந்து, ஈரம் காயாமல், உரமும் போதாமல் இருந்தால் இது சோய்சியாவுக்கு வரும். அந்த வருஷம் வைகாசி யூரியாவை மறந்திருந்தேன். மருந்து எதுவும் அடிக்கவில்லை. மாமரத்தின் தாழ்ந்த கிளை இரண்டை வெட்டி வெளிச்சம் விட்டேன், கால் கிலோ யூரியா போட்டேன், வெட்டிய புல்லை அங்கேயே விடாமல் வாரி அப்புறப்படுத்தினேன். ஆவணி வெயில் வந்ததும் சரியாகிவிட்டது. மற்ற நாட்களில் வெட்டிய துணுக்கை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது, அதுவும் உரம்தான்.

வெட்டு ஒன்றே கால் அங்குல உயரத்தில். ஆனியிலிருந்து கார்த்திகை வரை இருபது நாளுக்கு ஒரு முறை, மற்ற மாதங்களில் மாதம் ஒன்று, சித்திரையில் அதுவும் இல்லை. பிரஷ் கட்டர் வேண்டாம். கையால் தள்ளும் உருளைக் கத்தி மெஷின் போதும். இந்தப் புல்லின் இலை கடினமானது, கத்தி சீக்கிரம் மழுங்கும். வெட்டிய மறுநாள் நுனிகள் நார் நாராய்ப் பிய்ந்து வெள்ளையாகத் தெரிந்தால் சாணை பிடிக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு முறை வெளியூர் போய் இரண்டு மாதம் வெட்டாமல் விட்டு, வந்ததும் ஒரே வெட்டில் பழைய உயரத்துக்கு இறக்கினேன். பச்சை முழுக்கப் போய் அடித்தண்டு மட்டும் வைக்கோல் நிறத்தில் நின்றது. திரும்பப் பச்சையாக ஐந்து வாரம். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்கவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புல் தானாகப் பார்த்துக்கொள்ளும், தண்ணீர் தேங்காமல் வடிந்தால் போதும். நமக்கு அப்போது கவலை காட்டுப்பன்றி. மண்புழுவுக்கும் வண்டுப் புழுவுக்கும் ஆசைப்பட்டு ஒரு ராத்திரி கேட் இடுக்கில் புகுந்து, பத்தடி நீளத்துக்குப் புல்லைப் பாயைச் சுருட்டுவதுபோல் புரட்டிப் போட்டுவிட்டது. அம்மா அழாத குறை. ஆனால் விடிந்த உடனே, வேர் காயும் முன்னால், புரண்ட துண்டுகளைத் திருப்பி வைத்துக் காலால் மிதித்து அழுத்தினோம். ஒரு மாதத்தில் தடமே இல்லை. கேட்டின் அடியில் கம்பி வைத்த பிறகு அது வரவில்லை.

தை பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். அந்த மாதம் முழுக்க மண்ணில் ஈரம் இருக்கும், நான் தண்ணீர் விட ஆரம்பிப்பது மாசிப் பாதிக்குப் பிறகுதான். பங்குனி, சித்திரையில் கிணறு இறங்கிவிட்டால் மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் நனைப்பேன். புல் பழுப்பாகும். பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்பார்கள். கோடை மழை ஒன்று விழுந்து பத்து நாளில் பச்சை திரும்புவதை ஏழு வருஷமும் பார்த்துவிட்டேன்.

நான்காம் வருஷத்தில் நடக்கும்போது கால் பஞ்சில் அமுங்குவதுபோல் இருந்தது. அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரத்துக்கு ஓடியது. கத்தியால் கேக் துண்டுபோல் ஒரு ஆப்பு வெட்டி எடுத்தேன்: மேலே பச்சை, அடியில் வேர், நடுவே இரண்டு விரல் கனத்துக்கு மக்காத தண்டும் சருகும் பின்னிக் கிடந்தது. அந்த வைகாசியில் இரும்பு வாரியால் குறுக்கும் நெடுக்கும் கிளறி ஒன்பது சாக்கு எடுத்தோம். இரண்டு மாதம் புல்தரை சொட்டை விழுந்தாற்போல் இருந்தது, அப்புறம் முன்னைவிட நெருக்கமாக வந்தது. இப்போது ஆண்டுதோறும் லேசாகக் கிளறிவிடுகிறேன், சாக்குக் கணக்குக்குப் போவதில்லை.

இப்போது கேரளப் பக்கத்தைப் பார்த்து இங்கேயும் முற்றம் முழுக்கத் தந்தூர் கல் பதித்து இடுக்கில் புல் வைக்கிறார்கள். அழகுதான். ஆனால் சித்திரையில் கல் சுட்டு இரண்டு பக்கமும் புல் கருகுவதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். மண் முழுதாகத் திறந்திருக்கும் தரைதான் என் மனதுக்கு நிறைவு.

கொரியன் புல் தோற்றது ஒரே இடத்தில், மாமரத்தின் அடியில். அரைநாள் வெயிலாவது வேண்டும் அதற்கு. அங்கே ஏழு வருஷமும் மெலிந்து மெலிந்து இப்போது மண் தெரிகிறது. தென்மலையில் அக்கா வீட்டில் பலா நிழலிலேயே அகல இலைப் பஃபலோ புல் திமுதிமுவென்று வளர்கிறது. அமெரிக்காவில் பஃபலோ கிராஸ் என்பது வேறு. நம் பக்கத்தில் அந்தப் பேரில் கிடைப்பது நிழலும் மழையும் தாங்கும் கார்பெட் கிராஸ். போன ஞாயிறு அக்கா இரண்டு சாக்கு பிடுங்கிக் கொடுத்துவிட்டாள். ஈரம் போகாமல் குழாயடியில் கிடக்கிறது, கோரை இருக்கிறதா என்று அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு கொத்தாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.