கோத்தகிரியில் எதை வாங்கலாம்: தேயிலை நிலமா, பழைய பங்களாவா, ஓடுகிற கடையா?

கோயம்புத்தூர், திருப்பூர், பெங்களூரு பக்கம் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் கோத்தகிரித் தரகர்களுக்கு ஃபோன் போடுவது வாடிக்கையாகிவிட்டது. பதிலுக்கு வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ தேயிலை. இரண்டு, தகரக் கூரையும் கணப்படுப்பும் உள்ள வெள்ளைக்காரன் காலத்து பங்களா. மூன்று, 'உடல்நிலை காரணமாக விற்பனைக்கு' என்று வரும் பேக்கரியோ மளிகைக் கடையோ தேயிலைத்தூள் கடையோ. எது லாபம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வாங்கிய பிறகு நீங்கள் கோத்தகிரியில் குடியிருப்பீர்களா, இல்லை மாதம் ஒரு முறை வந்து போவீர்களா? இந்த மூன்றில் எது முதலாளி ஊரில் இல்லாததைத் தாங்கும், எது தாங்காது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி முதலில் தங்கியது இந்தப் பக்கம்தான். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களாவைப் புதுப்பித்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள். காக்பர்ன் என்ற இன்னொரு அதிகாரி இங்கே காப்பி போட்டார்; கேத்தரின் அருவிக்கு அவர் மனைவியின் பெயர்தான். அப்புறம் சல்லிவனின் கவனம் ஊட்டிக்குப் போய்விட்டது. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் ரயில் வந்தது, கோத்தகிரிக்கு வரவில்லை. அதனால்தான் அந்த இரண்டு ஊர்களில் இருக்கும் அளவுக்கு இங்கே ஓட்டல் கூட்டம் இல்லை. டவுனை விட்டு நாலு திருப்பம் தாண்டினால் இருபக்கமும் சிறு விவசாயிகளின் தேயிலை. ஊரின் வியாபாரம் இன்னமும் பச்சைத் தேயிலை விலையைப் பார்த்தே ஏறி இறங்குகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்றையும் பார்க்கலாம்.

தேயிலை நிலம்

தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்க நீங்கள் விவசாயியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்நியச் செலாவணி விதிகளின்படி விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விசாரிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு தரகரிடம் பேசுவது நல்லது.

வருமானக் கணக்கைப் பச்சையாகவே போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலு முதல் நாலரை கிலோ பச்சைத் தேயிலை வேண்டும். ஏலத்தில் கிடைக்கும் விலையில் விவசாயிக்கு 65 பங்கு, ஃபேக்டரிக்கு 35 பங்கு என்பது தேயிலை வாரியத்தின் கணக்கு. தூள் சராசரியாகக் கிலோ 100 ரூபாய்க்குப் போனால், 65 ரூபாயை நாலால் வகுத்துக்கொள்ளுங்கள்: பச்சைத் தேயிலை கிலோவுக்கு 16 ரூபாய்தான் வரும். 2023-இல் கோத்தகிரிக்குப் பக்கத்தில் நட்டக்கல்லில் விவசாயிகள் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தது கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டுத்தான். கேட்ட விலைக்கும் கையில் வரும் விலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் பலர் தோட்டத்தை விற்கிறார்கள். அது பேராசை பிடித்த விற்பனை இல்லை, பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கான விற்பனை. பேரம் பேசும்போது அந்த மரியாதையோடு பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 கிலோ பச்சைத் தேயிலை, கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 80,000 ரூபாய் வரவு. இதில் பறிகூலி மட்டுமே கிலோவுக்கு 8 ரூபாய் என்றால் 32,000 போய்விடும். உரம், களை, கொப்புள நோய்க்கு மருந்து, ஃபேக்டரிக்கு ஏற்றிவிடும் கூலி எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 25,000 அளவில் நிற்கும். நாலு வருடத்துக்கு ஒருமுறை கவாத்து அடித்தால் சில மாதங்களுக்கு அந்தப் பாத்தியில் இலையே கிடையாது. நிலத்துக்குக் கொடுத்த விலையோடு வைத்துப் பார்த்தால் இது பேங்க் வட்டிக்குப் பக்கத்தில்கூட வராது. ஆக, தேயிலையை வருமானத்துக்காக வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் கணக்குப் போடவில்லை என்று அர்த்தம்.

ஆனாலும் மூன்றில் முதலாளி இல்லாமலும் உயிரோடு இருப்பது தேயிலைதான். பக்கத்துத் தோட்டக்காரரிடம் குத்தகைக்கு விட்டால் செடி காடாகாமல் இருக்கும். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. குத்தகைதாரருக்கு இந்த வருடத்து இலை முக்கியம். உங்களுக்கு அடுத்த இருபது வருடத்துச் செடி முக்கியம். உரம் போடுவதும் கவாத்தும் யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளவில்லை என்றால் கத்திரியால் வழித்து வழித்து அறுத்துச் செடியைக் கட்டையாக்கிவிடுவார்கள்.

தோட்டம் பார்க்கப் போகும்போது காட்சியைப் பார்க்காதீர்கள், செடியின் மேல்மட்டத்தில் கையை வைத்துப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக மென்மையாகத் தட்டுப்பட்டால் நல்ல பராமரிப்பு. முரட்டு இலையும் வளர்ச்சி நின்ற குட்டை மொட்டுமாக இருந்தால் பட்டினி போட்ட தோட்டம். அப்படியே குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள். தண்டில் பாசி ஏறியிருக்கிறதா, வரிசையில் எத்தனை இடத்தில் செடி விழுந்து வெறும் மண்ணாகக் கிடக்கிறது என்று எண்ணுங்கள். விற்பவர் அளந்து சொல்வது ஏக்கர். இலை கொடுப்பது நிற்கிற செடி மட்டும். பிறகு, பறித்த இலையை எடை போட்டு வாங்கும் பக்கத்து லீஃப் ஷெட்டில் போய் நின்று, அந்தப் பக்கத்து இலைக்கு ஈரம், முற்றல் என்று மூட்டைக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேளுங்கள். எந்தத் தரகரும் சொல்லாத விவரம் அங்கே கிடைக்கும்.

ஆள் பிரச்சினையையும் சொல்லியாக வேண்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் நீலகிரித் தேயிலையின் முதுகெலும்பாக இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று திருப்பூர், கோவை வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் வந்திருக்கிறார்கள். இரண்டு ஏக்கர்காரருக்கு அவர்கள் சுலபமாகக் கிடைக்க மாட்டார்கள். பெரிய தோட்டம்தான் வீடு கொடுத்து அழைத்து வர முடியும்.

பங்களா

படத்தில் ஜெயிப்பது எப்போதும் பங்களாதான். கல் சுவர், தேக்குக் கதவு, சிவப்புத் தகரம், முன்னால் நாலு ரோஜாச் செடி. ஹோம்ஸ்டே போட்டால் சீசனில் அள்ளிவிடலாம் என்று தோன்றும். என் கருத்தில் மூன்றில் இதுதான் ஆபத்தான கொள்முதல், அதுவும் ஊரில் இல்லாதவருக்கு.

கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருக்கும் ஊர். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நேராக வந்து அடிக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அந்த நிலச்சரிவில் கோத்தகிரிப் பக்கமும் தப்பவில்லை. அந்த மாதிரி மழையில் பழைய தகரத்தின் ஆணித்துளை வழியாக நீர் இறங்கினால் மூன்று மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் கூரைச் சட்டம் உளுத்துப்போகும். கரையானும் சேர்ந்துகொள்ளும். தோட்டத்தில் செடி பட்டினி கிடந்தால் உரம் போட்டுத் தேற்றலாம். உளுத்த சட்டத்தைத் தேற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

சரி, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே என்றால், அது கீழே கட்டுவது போல இல்லை. நீலகிரிக்கு 1993-இல் வந்த மாஸ்டர் பிளான் இருக்கிறது, மலைப்பகுதிக் கட்டடங்களுக்கென்று தனி அனுமதிக் குழு இருக்கிறது, சரிவைப் பொறுத்துக் கட்டுப்பாடு இருக்கிறது. பொக்லைன் இறக்கி மண்ணை வெட்டவும் போர்வெல் போடவும் அனுமதி வேண்டும். வீட்டின்மேல் சாய்ந்து நிற்கும் யூகலிப்டஸை வெட்டுவதற்குக்கூட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். இந்தச் சட்டங்கள் எல்லாம் தேவையானவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மண் சரிந்த ஊரில் கட்டுப்பாடு இல்லாமல் எப்படி இருக்க முடியும்? ஆனால் வாங்குகிறவர் இதை முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும்.

போர்வெல் சுலபமில்லை என்பதால் தண்ணீர் கேள்வி பெரிதாகிறது. பழைய பங்களாக்களுக்கு மேலே எங்கோ ஓர் ஊற்றிலிருந்து குழாய் போட்டிருப்பார்கள். அன்று முழு எஸ்டேட்டும் ஒரே ஆள் கையில் இருந்தது. பிரித்து விற்ற பிறகு ஊற்று ஒரு சர்வே எண்ணிலும் பங்களா இன்னொரு சர்வே எண்ணிலும் கிடக்கும். தண்ணீர் எடுக்கும் உரிமை கிரயப் பத்திரத்தில் எழுத்தில் வருகிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. தடத்துக்கும் இதே கதைதான்: புலப்பட (நில அளவை வரைபட) நகலில் பாதை இருக்க வேண்டும், 'காலங்காலமாக இப்படித்தான் போகிறோம்' என்பது போதாது.

ஹோம்ஸ்டே வருமானத்துக்கு வருவோம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. ஏப்ரல், மே மாதக் கூட்டத்தை நம்பி மட்டும் கடன் வாங்கியவருக்கு இது நேரடி அடி. பூட்டிய சமையலறையை நோட்டமிடும் கரடி வேறு. கோத்தகிரியில் கரடிகள் எண்ணெய் வாசனைக்குக் கோயிலையும் கடையையும் உடைப்பது செய்தித்தாளில் வழக்கமாக வருவதுதான்.

ஓய்வு பெற்று, அந்த வீட்டிலேயே பன்னிரண்டு மாதமும் இருந்து, மழைக்கு முன்னால் கூரை ஏறும் மேஸ்திரியைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இருப்பவருக்குப் பங்களா அருமையான வீடு. வீடாக வாங்குங்கள், தொழிலாக வாங்காதீர்கள்.

ஓடுகிற கடை

படத்தில் தோற்பது கடை. மாவு படிந்த ரேக்கும் புகை பிடித்த சுவரும் யாரை இழுக்கும்? ஆனால் ஊரில் தங்கப் போகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். விறகு அடுப்பில் வர்க்கி சுடும் ஒரு பேக்கரி மழை மாதத்திலும் ஓடும், ஏனென்றால் அதன் வாடிக்கையாளர் சுற்றுலாப் பயணி இல்லை. காலை டீக்கு வர்க்கி வாங்கும் உள்ளூர்க்காரர். இங்கே சீசன் உபரி வருமானம், பங்களாவில் அதுதான் முழு வருமானம். போட வேண்டிய பணமும் குறைவு, பிடிக்கவில்லை என்றால் வெளியே வருவதும் சுலபம்.

கடையில் நீங்கள் வாங்குவது என்ன என்பதில் தெளிவு வேண்டும். பெரும்பாலும் கட்டடம் வேறொருவருடையது. பகடி (கடையில் இருக்கும் உரிமைக்குக் கொடுக்கும் முன்பணம்), அடுப்பு, ரேக், பெயர், மாஸ்டர் இவ்வளவுதான் கைமாறும். கட்டட உரிமையாளரோடு உங்கள் பெயரில் புது வாடகை ஒப்பந்தம் எழுதி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி பதிய வேண்டும். உள்ளாட்சிக்குச் சொந்தமான கடை என்றால் ஏலம் எடுத்தவர் அதை உங்களுக்கு 'விற்க' முடியாது. 2021-இல் ஊட்டிச் சந்தையில் வாடகை பாக்கிக்காகக் கடைகளுக்குச் சீல் வைத்ததை நினைவில் வையுங்கள். பழைய ஆளின் பாக்கி உங்கள் தலையில் விழலாம். அதோடு மாஸ்டர் தங்குவாரா என்று தனியாகக் கேளுங்கள். அவர் போனால் வர்க்கியின் ருசி போகும், ருசி போனால் பகடிக்குக் கொடுத்த பணம் போச்சு. மாதம் ஒருமுறை வருகிறவர் கடையை வாங்கவே வேண்டாம். கல்லாவில் ஆள் இல்லாத கடை ஒரு வருடம் தாங்குவது கஷ்டம்.

தேயிலைத்தூள் கடையும் தேன், மிளகு விற்கும் கடையும் இதே கணக்குக்குள் வரும். ஆனால் அந்தத் தொழிலில், பழங்குடியினரோடு வேலை செய்யும் கீஸ்டோன் என்ற தொண்டு அமைப்பின் வழியாக வளர்ந்த லாஸ்ட் ஃபாரஸ்ட் போன்றவர்கள் பழங்குடியினரின் தேனை நேர்மையாக விற்றுத் தரத்தை உயர்த்திவிட்டார்கள். கலப்படச் சரக்கை வைத்து அவர்களுக்குப் பக்கத்தில் கடை போட முடியாது, போடவும் கூடாது.

எதை வாங்கினாலும்

நிலத்துக்கும் பங்களாவுக்கும் பத்திரச் செலவு தோராயமாக 9 சதவீதம்: முத்திரைத் தீர்வையும் உபரி வரியும் 7, பதிவுக் கட்டணம் 2. கடைக்கு இது கிடையாது. நிலத்தில் பெரிய தலைவலி கூட்டுப் பட்டா. ஹட்டிக் (படுகர் ஊர்) குடும்பங்களில் தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும், பங்காளிகள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், மகள்களுக்கும் பங்கு உண்டு. எல்லோர் கையெழுத்தும் இல்லாமல் வாங்கினால் வழக்கு நிச்சயம். 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்த சர்வே எண் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்; வந்தால் அந்தச் சட்டப்படி அமைத்த குழுவின் அனுமதி இல்லாமல் கைமாற்றவே முடியாது. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து ஜென்ம நில (பழைய ஜமீன் மாதிரியான உரிமையில் இருந்த நிலம்) வில்லங்கம் கோத்தகிரியில் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

நாலாவதாக ஒன்றும் வாட்ஸ்அப்பில் வருகிறது: எஸ்டேட்டைத் துண்டு போட்டு, 'தேயிலைக்கு நடுவே 10 சென்ட்' என்று விற்கும் மனை. இதை மற்ற மூன்றோடு ஒப்பிடவே நான் தயாரில்லை. தேயிலைத் தோட்டம் என்பதால்தான் பெரிய எஸ்டேட்டுகளுக்கு நில உச்சவரம்புச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. தேயிலையைப் பிடுங்கி மனையாக்கினால் அந்த விலக்கின் அடிப்படையே ஆட்டம் காணும். அங்கீகாரம் இல்லாத மனையைப் பத்திரம் பதிவதற்கே தடை இருக்கிறது. அதைச் சுற்றிப் போக, 'விவசாய நிலத்தில் பிரிக்கப்படாத பாகம்' என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பத்திரத்தை வைத்துக் கட்டட அனுமதி வாங்க முடியாது, சரிவில் பாதை வெட்டவும் முடியாது. முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இப்போதே வக்கீலைப் பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.